வெள்ளக்கல் இருந்த இடம்

ஏப்ரல் 3, 1988

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். இரண்டு வருடமாக எழுதாதவன் இப்போது எழுதுவது அலுவலகக் காரியமாக.

உங்கள் ஊரில் ஆற்றோரமாக முப்பது படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி கட்ட உத்தரவாகியிருக்கிறது. வரைபடம் போடும் வேலை என் மேஜைக்கு வந்திருக்கிறது. தரைத்தளத்தை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்ய, அந்த ஆற்றில் இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளத்தின் உயரம் வேண்டும். எங்களிடம் இருந்த பழைய காகிதக் கட்டைக் கரையான் தின்றுவிட்டது. உங்கள் நகராட்சிக்கு எழுதிக் கேட்டோம். 'பழைய பேப்பர் அம்மாவிடம் கேட்கவும்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. விசாரித்ததில் அது நீங்கள்தான் என்று தெரிந்தது.

போன் வேண்டாம். போனில் பேசினால் நாம் இருவரும் என்ன ஆவோம் என்று இருவருக்குமே தெரியும். எழுத்தில் அனுப்பினால் போதும்.

தங்கள் தம்பி


ஏப்ரல் 9, 1988

தம்பிக்கு,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பி விலாசம் பார்த்தேன். இந்த 'நீங்கள்' எல்லாம் எனக்கு வேண்டாம். நேரடியாகத் திட்டிவிடு, அது பழகினதாக இருக்கும்.

அப்பா இறந்த வாரத்திலேயே அவர் மூக்குக் கண்ணாடியிலும் சவரப் பெட்டியிலும் செருப்பிலும் நான் எண் போட்டுச் சீட்டு ஒட்டியது தப்புதான். நீ ஒவ்வொரு சீட்டாகக் கிழித்துக்கொண்டே அழுதது என் கண்ணை விட்டுப் போகவில்லை. உனக்கு அழ வருகிறது, எனக்கு எண் போடத்தான் வருகிறது. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். டெலிபோன் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன மறுநாளே நூலகத்தின் பின் அறையைக் கேட்டு வாங்கினேன். இந்த ஊரில் பிறக்காதவள் இந்த ஊரின் சரித்திரத்தைச் சேர்க்கிறாளே என்று முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் ஏட்டில் ஏற்றிவிடுவேன். பொருள், கொடுத்தவர், எங்கே இருந்தது, எந்த வருடம் என்று நாலு கட்டம். என் ஏட்டில் ஒரு கட்டமும் காலியாக இருக்காது. காலியாக ஒன்று கிடந்தால் பல்லிடுக்கில் எதுவோ சிக்கிய மாதிரி அன்றைக்கெல்லாம் எனக்கு வேறு வேலை ஓடாது.

நீ கேட்டதற்குப் பதில் ஒரு கல்லில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் நகராட்சி ஒரே மாதத்தில் இரண்டு தானியக் கிட்டங்கிகளை இடித்தது. ஒன்று ஆற்றோரம், இன்னொன்று மேட்டுத் தெரு. இடிபாட்டையெல்லாம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தக் குவியலுக்குள் இந்தக் கல் குப்புறக் கிடந்தது. திருப்பினால் ஒரு கோடு, அதற்குக் கீழே 'வெள்ளம்', அதற்குக் கீழே வருடம். கணக்குப் பார்த்தால் இன்றைக்கு அறுபது வருடம் முன்பு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சாலைக்கு ஜல்லியாகியிருக்கும். கொத்தனாரைக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றி, நூலக வாசலில் நட்டேன். அடிப்பக்கம் செதுக்காமல் முரடாக இருந்த அளவுக்கு, சுவரில் தரைக்குக் கீழே இருந்த பகுதி அதுதான், மண்ணில் புதைத்தோம். பக்கத்தில் என் பெயரோடு பித்தளைத் தகடு இருக்கிறது, சிரிக்காதே. வருடா வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளை அழைத்து வருகிறார்கள். வெள்ளம் இவ்வளவுதான் வந்தது என்று நான் பாடம் எடுக்கிறேன்.

உனக்கு வேண்டிய அளவு: ஆற்றோரக் கிட்டங்கியின் தரையிலிருந்து கோடு வரைக்கும் மூன்றடி இரண்டு அங்குலம். தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 20, 1988

அக்கா,

உன் தாள் வந்தது. சீட்டு விஷயமாக எழுதியதை மூன்று தடவை படித்தேன். எனக்கும் வாய் அப்படித்தான்.

எங்கள் பெரிய இன்ஜினியர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கல் ஆற்றோரக் கிட்டங்கிச் சுவரில் இருந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா? படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 26, 1988

தம்பிக்கு,

உன் பெரிய இன்ஜினியர் ஆறு வருடம் குப்பை கிளறியிருந்தால் இப்படிக் கேட்கமாட்டார். வெள்ளத்தின் கல் ஆற்றோரத்தில் இல்லாமல் மேட்டுத் தெருவிலா இருக்கும்?

ஊரில் ஒரு கிழப் படகோட்டி இருக்கிறார். மேட்டுத் தெருப் படியில் உட்கார்ந்து சின்ன வயதில் மீன் பிடித்தேன் என்பார். இங்கே ஒவ்வொரு பெரியவரும் தாம் பார்த்த வெள்ளத்துக்கு வருடத்துக்கு ஒரு அடி கூட்டிக்கொண்டே போகிறார்கள். அதையெல்லாம் எழுதினால் சரித்திரம் வாந்தியெடுத்துவிடும். நான் கல்லைத்தான் நம்புவேன்.

பார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்.

அக்கா


ஜூன் 2, 1990

அக்கா,

திறப்பு விழாப் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். பழைய கிட்டங்கித் தரை மட்டத்திலிருந்து ஐந்தடி தூக்கியிருக்கிறோம், உன் கோட்டுக்கு மேலே இன்னும் ஏறக்குறைய இரண்டடி. பெரிய இன்ஜினியருக்கே அது அதிகமாகத் தெரிந்தது. கீழே வார்டுகள், மாடியில் ஆபீஸும் மருந்துக் கிடங்கும். நோயாளிகளுக்குப் படி ஏறும் சிரமம் வேண்டாமே என்று நான்தான் அப்படி வரைந்தேன்.

இன்னொரு சேதி. உன் மருமகளுக்கு, என் பெண்ணுக்குத்தான், அங்கேயே நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை சேர்கிறாள். தனியாக அனுப்ப அவள் அம்மாவுக்கு மனசே இல்லை. அத்தை இருக்கிறாள் என்று சொல்லித்தான் சமாதானம் செய்தேன். சொல்லும்போது எனக்கே ஆறுதலாக இருந்தது. பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 30, 1990

தம்பிக்கு,

உன் பெண் உன்னைப் போல இல்லை, பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் என் அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கலைத்துவிட்டுப் போகிறாள். போன வாரம் என் தலையில் '417' என்று சீட்டு ஒட்டிவிட்டு, எங்கே இருந்தது என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். வெகு நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவளுக்குக் கீழ் வார்டு. இருபத்தாறு பேர் படுத்திருக்கிறார்கள். எல்லோர் பெயரையும் மூன்றே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

எனக்கும் யோகம் அடித்திருக்கிறது. மூடிப்போன போட்டோ ஸ்டூடியோக்காரரின் மனைவி ஒரு பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகளைக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்து நெகடிவ். தூசி தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறேன். பாதிதான் முடிந்திருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 29, 1990

அக்கா,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. உன் மருமகள் எழுதியிருந்தாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். கொத்தனாரை வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாயாம். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாயாம்.

உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. வேறு ஏதாவது என்றாலும்.

தம்பி


செப்டம்பர் 4, 1990

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

பெட்டியில் ஒரு தகடு. தராசுக்குப் பக்கத்தில் மூட்டை மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடது பக்கம் சுவரில் நம் கல் பதிந்திருக்கிறது. கோடு, எழுத்து, வருடம் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கு வலது பக்கம் கல் படிகள் மேலே போகின்றன. இந்த ஊரில் தெருவே படியாக ஏறுவது மேட்டுத் தெருவில் மட்டும்தான்.

அந்தக் கல் ஆற்றோரக் கிட்டங்கியுடையது இல்லை. மேட்டுத் தெருக் கிட்டங்கியுடையது.

குவியலில் கிடந்தபோது அது எந்தச் சுவர்க் கல் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஏட்டில் 'எங்கே இருந்தது' என்ற கட்டம் நாலு நாள் காலியாக இருந்தது. ஐந்தாவது நாள் நான் நிரப்பிவிட்டேன். வெள்ளம் என்றால் ஆற்றோரம்தானே என்று நினைத்தேன். எழுதி முடித்த பிறகு அது நினைப்பாக இருக்கவில்லை, உண்மையாகிவிட்டது. நீ கேட்டபோது அளவுக்குக் கையெழுத்தும் போட்டு, பார்த்தவள் என்று என் பெயரையும் கொடுத்தேன்.

கொத்தனாரின் தண்ணீர்க் குழாயை வைத்து இரண்டு இடத்துக்கும் மட்டம் பார்த்தோம், மூன்று தடவை. மேட்டுத் தெருத் தரை பதினொன்றரை அடி அதிக உயரம். அப்படியென்றால் அன்றைக்கு ஆற்றோரத்தில் நின்ற தண்ணீர் பதினாலடி எட்டு அங்குலம். நீ தூக்கியது ஐந்தடி. அதே வெள்ளம் மறுபடி வந்தால் உன் பெண் வேலை செய்கிற வார்டில் ஒன்பதடி எட்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்.

பழைய பள்ளிப் பதிவேட்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் மேட்டுத் தெருப் பள்ளி, 'தண்ணீர் காரணமாக ஒன்பது நாள் விடுமுறை'. நான் எழுதிய ஊர்ச் சரித்திரப் புத்தகத்தில் அதைக் கூரை ஒழுகல் என்று நானே விளக்கம் கொடுத்திருக்கிறேன். படகோட்டியைத் தேடிப் போனேன். அவர் இறந்துபோய் ஒரு வருடமாகிறதாம்.

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் பயம். வேறொன்றுமில்லை.

அக்கா


செப்டம்பர் 12, 1990

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன்னைத் திட்ட எனக்கு வார்த்தை போதாது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்? தெரியாது என்று எழுதியிருக்கக் கூடாதா? அப்பா செருப்புக்கு எண் போட்டவளிடம் போய் அளவு கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஆஸ்பத்திரி வரைபடத்தின் கீழ் மூலையில் என் கையெழுத்து இருக்கிறது. மார்ச்சில் நான் ரிட்டயர் ஆகிறேன். முப்பத்திரண்டு வருடம் ஒரு கோட்டைக்கூடத் தப்பாகப் போடாதவன் என்று பெயர் எடுத்தவன். அந்த மாதிரி வெள்ளம் அறுபது வருடமாக வரவில்லை. இந்த வருடம்தான் வரப்போகிறதா? மார்ச் வரைக்கும் பொறு. அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

அந்தத் தகடு கண்ணாடிதானே. கை தவறினால் யாரும் கேட்கப் போவதில்லை.

உன் மருமகளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். இரண்டு வாரத்தில் உத்தரவு வரும். அவளுக்குக் காரணம் தெரிய வேண்டாம்.

தம்பி


செப்டம்பர் 25, 1990

தம்பிக்கு,

தகடு முழுசாக இருக்கிறது. உன்னை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மாதம் நானும் அதைத்தானே செய்தேன்? ஆனால் இங்கே ஐந்து நாளாக மழை. மலைப் பக்கம் இன்னும் அதிகம் என்கிறார்கள். ஆறு நிறம் மாறிவிட்டது.

தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, போன வருஷம் என் பையனுக்கு நீங்கதான பாடம் எடுத்தீங்க? தண்ணி இவ்வளவுதான்னு அவன் எங்க வீட்ல கையை வச்சுக் காட்டினானே" என்றார். தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்றேன். நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்க, பிரஷர் பாக்கலாம்" என்றார்.

நகராட்சியிலும் அதே கதைதான். தலைமை எழுத்தர் என் புத்தகத்தை என்னிடமே பிரித்துக் காட்டி, வெள்ளம் மூன்றடிதான் என்று நானே எழுதிய நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். மேட்டுத் தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டி, தேவைப்பட்டால் நோயாளிகளுக்கு இடம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். பழைய பேப்பர் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று ஊரே பேசுகிறது. எட்டு வருடம் பாடுபட்டு இந்த ஊரை நம்ப வைத்தேன். நான் நட்ட கல்லை நம்புகிறார்கள். என்னை நம்பவில்லை.

உன் பெண்ணுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. நேராக என் அறைக்கு வந்து, என்ன விஷயம் என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. தகட்டையும் உன் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "எனக்கு அப்பா இருக்கார், மாத்தல் வாங்கிக் குடுத்தார். மத்த இருபத்தாறு பேருக்கு யாரு வாங்கிக் குடுப்பா?" என்று கேட்டாள். உத்தரவை நாலாக மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் என் பக்கமே வரவில்லை.

அக்கா


அக்டோபர் 3, 1990

அக்கா,

அவள் எனக்கும் எழுதியிருந்தாள். ஒரே வரி. அது எனக்கும் அவளுக்கும் நடுவிலேயே இருக்கட்டும்.

நேற்றுக் காலையில் பெரிய இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். வரைபடத்தில் அளவு தப்பு, தப்பு என்று தெரிந்தும் மூன்று வாரம் மூடி வைத்திருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் என்னை லீவில் போகச் சொல்லிவிட்டார்கள். விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டம் நவம்பர் இருபது, மழை ஓய்ந்த பிறகு. மழைக்கு முன்னால் கூடக் கூடாதா என்று கேட்டேன். உறுப்பினர்களுக்கு வர வசதிப்படாது என்றார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. என் மேல் அதைவிட அதிகம்.

நான் எழுதிக் கொடுத்ததன் நகலை, பெரிய டாக்டருக்கென்று இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை இல்லை, என் கையெழுத்து மட்டும்தான். அவர் கையிலேயே கொடு. நான் புறப்படப் பார்க்கிறேன். உங்கள் பக்கம் ரயிலை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள்.

தம்பி


அக்டோபர் 11, 1990

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. தபால் ஆபீஸ் மேட்டுத் தெருவில் இருப்பதால் திறந்திருக்கிறது. பாலத்தை மத்தியானத்தோடு மூடுகிறார்கள். கடைசிப் பை கட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நகலை டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். முத்திரை இல்லையே என்றார். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் வார்டைக் காலி செய்ய அவருக்குத் தைரியம் வரவில்லை. போன் கம்பி முந்தாநாளே அறுந்துவிட்டது.

அவர் அறையிலிருந்து வெளியே வந்தால் உன் பெண் நிற்கிறாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, கணக்கெல்லாம் வேண்டாம். தண்ணி எதுவரைக்கும் வரும்னு கையால காட்டு" என்றாள். வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். என் கைக்கு எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன், அப்போதும் எட்டவில்லை. ஒட்டடைக் குச்சியின் நுனியில் சாக்கட்டியைக் கட்டிக் கொடுத்தாள். கதவுக்கு மேலே, ஜன்னலுக்கும் மேலே, மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழே கோடு போட்டேன். இருபத்தாறு பேரும் படுத்தபடியே அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு வயிற்று ஆபரேஷன் செய்த ஒரு அம்மா எழுந்து தன் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிப் படியை நோக்கி நடந்தார்.

அதற்குப் பிறகு டாக்டரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். இடத்துக்காக மாடியில் மருந்துக் கிடங்கின் பூட்டை உடைத்தோம். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், முடியாதவர்களைத் தோளிலும் முதுகிலும் ஏற்றினோம். இருபத்திரண்டு பேர் மேலே போய்விட்டார்கள்.

நாலு பேர் கீழே இருக்கிறார்கள். தொடை எலும்பு முறிந்தவர்கள், காலில் எடை கட்டிப் படுக்க வைத்திருக்கிறது. அவர்களை முதுகில் தூக்க முடியாது, படுத்தபடிதான் கொண்டுபோக வேண்டும். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போனோம். மாடிப் படியின் திருப்பத்தில் அது திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம். ஒரு சாண் போதவில்லை. உன் பெண் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். யார் வரைந்தது என்று அவள் கேட்கவில்லை.

கொத்தனார் கடப்பாரை எடுத்து வரப் போயிருக்கிறார். அந்தச் சுவரை இடித்து வழி செய்யலாம் என்கிறார், இரண்டு மணி நேரமாகும் என்கிறார். நான் இங்கே வரும்போது ஆஸ்பத்திரி வாசற்படியில் மூன்றாவது படி வரை தண்ணீர். அவள் அந்த நாலு பேரோடு கீழேதான் உட்கார்ந்திருக்கிறாள். மேலே போ என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார், நானும் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

தபால்காரர் பையைக் கட்டுகிறார். நான் அவளிடம் போகிறேன்.

அக்கா